பழைய ஜீப்புக்கு முழு வயரிங், எந்த வழியாக இழுப்பது?

வணக்கம் நண்பர்களே, காட்பாடியில் வீட்டு வாசலிலேயே ஒரு பழைய டீசல் ஜீப்பைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பாடி வேலை முடிந்தது, இனி வயரிங். பழையதைப் பிடுங்கிப் பார்த்தால் யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் மட்டும் 14, அதில் ஒன்று சைலன்சர் பைப்பில் உரசி உருகி செம்பு வெளியே தெரிந்தது, இத்தனை நாள் தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிசு.

பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில், ஃபியூஸ் பாக்ஸ் டேஷ்போர்டுக்குக் கீழே என்று நினைத்திருக்கிறேன். ஹெட்லைட் இரண்டும் 55/60 வாட், லோ பீமிலேயே 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அதனால் ரிலே (அந்தக் கரண்ட் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போகாமல் லைட்டை இயக்கும் தனி சுவிட்ச்) போடுவது உறுதி. குழப்பம் பின்பக்க வயரில்தான். சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) சைலன்சர் இல்லாத பக்கமாகக் கொண்டுபோகவா, இல்லை பாடிக்குள்ளேயே தரையோரமாக விடவா? வேலூர் வெயில் தெரியுமே, போதாததற்கு எங்கள் தெரு எலிகள் வேறு.

அப்புறம் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. பாடி ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது; இன்ஜின், சேஸிஸ், பாடி மூன்றையும் பட்டை போட்டு இணைத்தால் போதுமா, லைட்டுகளுக்குத் தனி எர்த் வயரே இழுத்துவிடவா?

கையால் வரைந்த படம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது இப்படிச் செய்திருந்தால் சொல்லுங்கள், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.