பேஸ்மேக்கர் வைத்த பிறகும் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறதா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

எனக்கு இதயத்தில் இரண்டு கோளாறு. சில நேரம் ஒழுங்கே இல்லாமல் படபடவென்று ஓடும். அந்த ஓட்டம் நின்றதும் அடுத்த துடிப்பு வரச் சில வினாடி தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, வரப்பில் நடக்கும்போதே ஆளைச் சாய்த்துவிடும். மார்பில் ஹோல்டர் (நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவுசெய்யும் சிறு கருவி) மாட்டிவிட்டுப் பார்த்ததில்தான் இது பிடிபட்டது. வேகத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்தால், மெதுவாக அடிக்கும் நேரத்தில் இன்னும் மெதுவாகிவிடும். அதனால் மெதுவாவதைத் தாங்கிப் பிடிக்க, மார்புத் தோலுக்கடியில் வைக்கும் பேஸ்மேக்கர் மெஷின், வேகத்துக்கு மாத்திரை என்று இரண்டையும் சேர்த்துத்தான் வைத்தியம் செய்கிறார்கள்.

ஊரில் பலருக்கு இது புரிவதில்லை. "மெஷின் வெச்சாச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்று கேட்கிறார்கள். மெஷின் துடிப்பு ஒரு அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும், எனக்கு அந்த அளவு நிமிடத்துக்கு 60. இதயத்தின் மேலறைகள் வெடவெடவென்று துடிப்பதை அது நிறுத்தாது. அப்படித் துடிக்கும்போது அங்கே ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை அதற்காகத்தான்.

பக்கத்துத் தோப்பு அண்ணனுக்கும் என்னைப் போலவே இரண்டும் உண்டு. பேஸ்மேக்கர் வைத்துக் கொஞ்ச நாளில், யாரோ சொன்னார்கள் என்று அந்த மாத்திரையை விட்டுவிட்டார். ஒரு நாள் காலையில் டீ டம்ளரைப் பிடிக்க விரல் கூடவில்லை, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் என்னை "தங்கச்சி" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் இன்று அந்த ஒரு வார்த்தைக்குப் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான். டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பரிசோதனைக்குப் போனால் ஒரு வட்டமான கருவியை மார்பின்மேல் வைத்து, கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். "இப்போ கொஞ்சம் ஸ்பீடாகும், பேடிக்கண்டா அம்மே (பயப்படாதீங்கம்மா)" என்றார் கம்ப்யூட்டரைப் பார்த்த பையன். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே யாரோ முடுக்கிவிட்டதுபோல இதயம் ஓடியது, பிறகு தானாகவே அடங்கியது. எத்தனை முறை தாறுமாறாக ஓடியது, எவ்வளவு நேரம் ஓடியது என்பதெல்லாம் அந்த மெஷினுக்குள்ளேயே பதிவாகி இருக்கிறது. எனக்கே தெரியாமல், தூக்கத்திலும் ஓடியிருக்கிறது. படபடப்பு தெரியவில்லை என்பதால் சரியாகிவிட்டது என்று நினைக்க முடியாது என்பது அன்றுதான் உறைத்தது.

மற்றபடி பயந்து முடங்க வேண்டியதில்லை. மிக்ஸி, டிவி எல்லாம் ஒன்றும் செய்யாது. செல்போனை மெஷின் இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறேன், வெல்டிங் நடக்கும் இடத்துக்கே போவதில்லை. திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின்மேல் சாய்ந்து நிற்காதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது.

நகரி, ஆந்திரம்

அக்கா, எங்கள் அப்பாவுக்கும் இதேதான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் கோங்கூரா (புளிச்சக்கீரை) இல்லாத வாரம் கிடையாது. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், ஆனாலும் அடியோடு விடச் சொல்லவில்லை, ஒரு வாரம் குவித்துத் தின்று மறு வாரம் தொடாமல் இருக்காதீர்கள், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். அப்படியே செய்தார், ரத்தப் பரிசோதனை அளவாக வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கஷ்டமான விஷயம்தான். அப்பா வயதாகி வீட்டிலேயே தவறினார். பாடை கட்டியாயிற்று, பறையும் வந்தாயிற்று. அப்போதுதான் தறியில் அப்பாவோடு வேலை செய்த பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "நெஞ்சுல மெஷின் இருக்கே, எடுத்தாச்சா?" என்றார். அந்த பேட்டரி சூட்டில் வெடிக்கும், எரியூட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஊர் டாக்டரையே வீட்டுக்குக் கூப்பிட்டு, தோலை லேசாகத் திறந்து எடுத்தோம். தீப்பெட்டிக்கும் சிறியது. அம்மா அதைக் கையில் வாங்கி ஒரு தரம் பார்த்தார். புதைக்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. எரிக்கிற வழக்கம் இருந்தால் வீட்டில் ஒருவரிடமாவது முன்பே சொல்லி வையுங்கள்.

பாறசாலை, திருவனந்தபுரம் மாவட்டம்

எனக்கு பேஸ்மேக்கர் வைத்ததும், கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், சில வாரம் கவனம் என்றார்கள். மெஷினிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் நகர்ந்துவிடும் என்ற பயத்தில் நான் கையை அசைக்கவே இல்லை. தோள் இறுகிப்போய், பின்னால் தலைமுடியைக்கூட வார முடியவில்லை. அதற்காக பிசியோதெரபிக்குப் போனால் அங்கே "கரண்ட் வைக்கலாம் சேச்சி" என்று ஷார்ட்வேவ் (மின்னலையால் உள்ளே சூடு கொடுக்கும்) பெட்டியை இழுத்து வந்தார்கள். நல்லவேளை, பேஸ்மேக்கர் இருப்பதைச் சொல்லும் கார்டை எடுத்து நீட்டினேன். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு அதை வைக்கவே கூடாது. அப்புறம் வெறும் பயிற்சியிலேயே தோள் விட்டுக்கொடுத்தது. கார்டு எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டரைக் கடக்கும்போது நிற்காமல் போய்விடுவேன். கையால் தடவும் கருவியை மார்பருகே கொண்டு வந்தால் கார்டைக் காட்டுவேன்.

புதிதாக வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களுக்கு: உலகில் முதன்முதலாக, 1958-இல் ஸ்வீடனில், உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட ஆர்னே லார்சன் 2001 வரை உயிரோடு இருந்தார். அவருக்கு வைத்த முதல் மெஷின் சில மணி நேரம்தான் ஓடியது. பிறகு இருபதுக்கும் மேற்பட்டவற்றை மாற்றி மாற்றி வைத்தார்கள். இறந்தபோது வயது 86, அதுவும் இதயக் கோளாறால் அல்ல.

கொழிஞ்சாம்பாறை

நகரித் தம்பி, நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரியே என் மகனிடம் படித்துக் காட்டினேன். முகம் வாடினான், ஆனால் கேட்டுக்கொண்டான். பாறசாலை அக்கா, உங்கள் தோள் பயிற்சி என்னென்ன என்று எழுதுங்கள். எனக்கும் இடது கை பாதிக்கு மேல் எழும்புவதில்லை. டாக்டரிடமும் கேட்டுவிட்டே செய்கிறேன்.