பழைய டபுள் பேஸ்: தந்தி மாற்றியபின் சத்தமே செத்துவிட்டது, அவசரம்

கீழ்ஸ்தாயி:
வணக்கம். ஞாயிறன்று வாசிக்க வேண்டும், அதனால் சுருக்கமாகவே கேட்கிறேன். பழைய பேஸ் (ஆள் உயர வயலின் போன்ற கீழ்ச்சுர வாத்தியம்) ஒன்று கைக்கு வந்தது. துருப்பிடித்த தந்திகளைக் கழற்றி, நன்றாகத் துடைத்து, புதிது போட்டேன். முன்பு வயிற்றுக்குள் அதிர்ந்த சத்தம் இப்போது அட்டைப்பெட்டியைத் தட்டியது போல இருக்கிறது. மெல்லிய ஜி தந்தி படுமோசம், தடித்த ஈ தந்தி பரவாயில்லை. கூடவே எங்கிருந்தோ ஒரு ர்ர்ர். தந்தி மட்டமானதா? வேறு எது போடலாம்?

மரத்தூள்:
மேல்பலகை செதுக்கியதா, பிளைவுட்டா? முதுகு தட்டையா, வளைவா? நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்தி படியும் கட்டை) பிரிட்ஜ் (தந்தியைத் தாங்கும் குதிரை) வரை எத்தனை செ.மீ.? பிரிட்ஜ் நேராக நிற்கிறதா? ர்ர்ர் எல்லாச் சுரத்திலும் வருகிறதா, ஒன்றிரண்டில் மட்டுமா? இதெல்லாம் தெரியாமல் தந்தியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஈரப்பதம்:
தையல், அதாவது பலகைகளை ஒட்டிய இணைப்பு, விட்டிருக்கும், நூற்றுக்குத் தொண்ணூறு. விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள், ஓசை எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கே பிளந்திருக்கிறது என்று அர்த்தம். வச்சிரத்தால் (விலங்குத் தோல் பசை) ஒட்டுவதே அதற்காகத்தான், காற்று காய்ந்து மரம் சுருங்கும்போது பலகை பிளக்காமல் ஒட்டு விட்டுக்கொடுக்கும். அறையில் ஈரப்பதம் எத்தனை சதவீதம்? 40க்குக் கீழே போனால் என்னுடையதும் இப்படித்தான் முனகும்.

நரம்புக்காரர்:
எஃகுத் தந்தி போட்டிருப்பார், வேறென்ன. ஒவ்வொன்றும் 30 கிலோ அளவுக்கு இழுக்கும், நாலும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். பழைய மரம் குடலில் செய்த நரம்புத் தந்திக்குப் பழகியது. அதைப் போட்டால் மூச்சு வரும்.

பழையகுதிரை:
தந்தி எது வாங்கலாம் என்பது கடைசிக் கேள்வி. அதை முதலில் கேட்பவர்களுக்குப் பதில் எழுதி எழுதி எனக்கு வயதாகிவிட்டது. பிரிட்ஜின் டெயில்பீஸ் (தந்திகளின் கீழ்முனையைப் பிடிக்கும் கட்டை) பக்க முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? சுருதி ஏற்றும்போது தந்தி பிரிட்ஜின் தலையைப் பிங்கர்போர்டு (விரல் வைக்கும் பலகை) பக்கம் இழுக்கும், ஒவ்வொரு முறையும் கையால் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிரிட்ஜின் கால்கள் மேல்பலகையில் உள்ள f வடிவ எஃப் துளைகளின் உள்வெட்டுகளுக்கு நேராக நிற்க வேண்டும். இது பாலபாடம்.

கீழ்ஸ்தாயி:
செதுக்கியதுதான், துளை ஓரத்தில் அடுக்கு தெரியவில்லை. முதுகு தட்டை. 106 செ.மீ. பிரிட்ஜ் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினேன், சத்தம் அப்படியேதான். ர்ர்ர் விரல் வைக்காமல் வாசிக்கும் ஏ தந்தியில் அதிகம். ஈரப்பதம் அளக்கக் கருவி இல்லை. அப்புறம் ஒன்று, முக்கியமா என்று தெரியவில்லை, துடைக்கும்போது உள்ளே ஏதோ உருண்டது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு உருண்டைக் கழி. உடைந்த துண்டு என்று நினைத்து எஃப் துளை வழியாக எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மரத்தூள்:
ஐயையோ. படித்தவுடன் நாலு தந்தியையும் தளர்த்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அது சவுண்ட் போஸ்ட். ஜி பக்கத்துப் பிரிட்ஜ் கால் மேல்பலகையை அமுக்கும்போது கீழிருந்து தாங்குவதும், அதிர்வை முதுகுக்குக் கொண்டுபோவதும் அதுதான். ஒட்டியிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். நாலையும் ஒரே நேரத்தில் கழற்றியதால் விழுந்திருக்கிறது. ஈ பக்கம் கீழே பேஸ் பார் என்ற மரச்சட்டம் நீளமாக ஒட்டியிருப்பதால் அது தப்பித்தது. ஜி பக்கம் தாங்க ஆளே இல்லை, இப்படியே இழுவையில் விட்டால் மேல்பலகை உள்வாங்கும், பிளக்கவும் பிளக்கும்.

வில்_பிடித்தவன்:
இத்தாலியர்கள் அந்தக் கழியை அனிமா என்பார்கள், ஆன்மா என்று பொருள். ஆன்மாவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சத்தம் செத்துவிட்டது என்கிறார் :)

கீழ்ஸ்தாயி:
தளர்த்திவிட்டேன். இருபுறமும் மரப்பசை தடவி நிறுத்திவிடவா? திரும்ப விழாதே.

பழையகுதிரை:
தம்பி, தயவுசெய்து எதையும் தொடாதீர்கள்.

மரத்தூள்:
பசை வேண்டவே வேண்டாம், இடத்தை நகர்த்தி நகர்த்தித்தான் சத்தத்தைச் சரிசெய்வார்கள். தொடங்கும் இடம்: ஜி பக்கத்துக் காலுக்குப் பின்னால், அதாவது டெயில்பீஸ் பக்கம், கழியின் அரைப் பருமனிலிருந்து ஒரு பருமன் வரை தள்ளி. தட்டை முதுகில் குறுக்கே அகலமான பட்டை ஒன்று ஒட்டியிருக்கும், பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கும். டெயில்பீஸை விடுவித்து எண்ட்பின்னை (அடியில் தரையில் ஊன்றும் கம்பி) கழற்றினால் அந்த ஓட்டை வழியாக உள்ளே தெரியும், எஃப் துளையில் விளக்கைப் பிடியுங்கள், பழைய தடமோ பென்சில் கோடோ இருக்கலாம். கழியின் ஒரு முனை அதிகமாகச் சாய்த்துச் சீவியிருந்தால் அதுதான் மேல்முனை, ஏனென்றால் வளைவு மேல்பலகையில்தான். கழியின் ரேகை மேல்பலகை ரேகைக்குக் குறுக்காக இருக்கட்டும். இறுக்கி நிறுத்தாதீர்கள், இரு முனையும் முழுதாகப் படிந்து, தந்தி இல்லாமலே விழாமல் நின்றால் போதும். முதல்முறை என்றால் அரை நாள் போகும், கோபமும் வரும். தெரிந்தவர் இருந்தால் கூப்பிடுங்கள். இனிமேல் தந்தியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

ர்ர்ர் வேறு கதையாக இருக்கலாம். பிரிட்ஜ் காலில் உயரம் மாற்றும் சக்கரம் இருக்கிறதா?

கீழ்ஸ்தாயி:
சக்கரம் இருக்கிறது. உள்ளே பார்க்கிறேன். தலைப்பெட்டியில் அடைத்த ஓட்டைகள் சில தெரிகின்றன, அதுவும் கோளாறா?

நரம்புக்காரர்:
கோளாறில்லை, பெருமை! மூன்று தந்தி பேஸாக இருந்ததை நாலாக மாற்றியிருப்பார்கள். இத்தாலிய பேஸ் மேதை பொத்தேசினி வாசித்தது 1716ஆம் ஆண்டில் தெஸ்தோரே என்பவர் செய்த பேஸ், அதில் மூன்றே தந்தி. எல்லாம் நரம்பு.

பழையகுதிரை:
ஓட்டை அடைத்திருந்தால் உடனே மூன்று தந்தியா? தந்தியை முறுக்கும் பிருடை மாற்றியிருந்தாலும் அடைப்பார்கள். படம்கூடப் பார்க்காமல் வம்சவரலாறு எழுதாதீர்கள்.

வில்_பிடித்தவன்:
தட்டை முதுகு, சரிந்த தோள், நாலாம் சுர இடைவெளியில் சுருதி. இது வயலின் குடும்பமே இல்லை, வயோல் என்ற பழைய வில் வாத்தியக் குடும்பம்.

பழையகுதிரை:
எஃப் துளை, சுருள் தலை, சவுண்ட் போஸ்ட். வயோலில் கழுத்தைச் சுற்றி இருக்கும் கட்டுகளும் (fret) இதில் இல்லை. அப்புறம் எப்படி வயோல்?

வில்_பிடித்தவன்:
சவுண்ட் போஸ்ட் வயோலிலும் உண்டு ஐயா. அந்தக் காலத்துப் பேஸ்களில் கட்டும் இருந்தது.

நரம்புக்காரர்:
அந்தக் கட்டையும் நரம்பில்தான் கட்டினார்கள்.

மரத்தூள்:
அவர் உள்ளே என்ன பார்த்தார் என்று யாராவது கேட்டீர்களா?

கீழ்ஸ்தாயி:
மன்னிக்கவும், நாலு நாளாக வர முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் வந்து நிறுத்திக் கொடுத்தார், மூன்று முறை விழுந்தது. சாய்ந்த முனைதான் மேலே. ஜி திரும்பி வந்துவிட்டது. ர்ர்ர் அந்தச் சக்கரம்தான், ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. ஞாயிறு வாசிக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஈரப்பதம்:
விளிம்பைத் தட்டிப் பார்த்தீர்களா?