பி.டி. தந்த அச்சமும் ஓ.டி. மீதான எதிர்பார்ப்பும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஜப்பானிய வீடியோ கேம் படைப்பாளி ஹிடியோ கோஜிமாவின் ‘ஓ.டி.’ என்ற உளவியல் திகில் விளையாட்டுக்காக நம்மில் பலர் காத்திருக்கிறோம். 2023 டிசம்பர் 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ‘த கேம் அவார்ட்ஸ்’ விழா மேடையில் அவர் அதை அறிவித்தார். உடன் பணியாற்றும் இயக்குநர் ஜோர்டன் பீலும் மேடைக்கு வந்திருந்தார். இது விளையாட்டுதான், அதே சமயம் திரைப்படமும்கூட, புதிய ஊடக வடிவமும்கூட என்பது கோஜிமா அன்று தந்த விளக்கம். ஒருவரால் எவ்வளவு அச்சத்தைத் தாங்க முடியும், அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதுதான் ஓ.டி.யின் கரு. அது எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, இதே மனிதர் 2014-இல் தந்த ‘பி.டி.’யை விளையாடியவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதினால், எதை எதிர்பார்ப்பது நியாயம் என்பது நமக்கே விளங்கும். என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன்.

2014 ஆகஸ்ட் 12 அன்று, கேம்ஸ்காம் கண்காட்சியையொட்டி ஜெர்மனியில் சோனி நடத்திய நிகழ்ச்சியில் பி.டி.யின் சிறு டிரெய்லர் காட்டப்பட்டது; அன்றே சோனியின் பிளேஸ்டேஷன் 4 என்ற கன்சோலில் (விளையாட்டுக் கருவியில்) இலவசமாகப் பதிவிறக்கவும் கிடைத்தது. உருவாக்கியவர்கள் என்று ‘7780எஸ் ஸ்டூடியோ’ என்ற, யாரும் கேள்விப்பட்டிராத பெயர் மட்டும் இருந்தது. நடக்கலாம், எதையாவது உற்றுப் பார்க்கலாம். இவ்விரண்டைத் தவிர அந்த விளையாட்டில் நாம் செய்யக்கூடியது ஏதுமில்லை. ஆயுதம் கிடையாது, ஓடவும் முடியாது.

கதவைத் திறந்தால், இடையில் ஒரு முறை வளையும் நடைக்கூடம். மேசை மேல் எண் கடிகாரம் 23:59 என்று காட்டுகிறது. அருகில் குடும்பப் புகைப்படங்கள், மாத்திரைகள், காலி பாட்டில்கள். தன் குடும்பத்தையே கொன்ற ஒரு தந்தையைப் பற்றி வானொலி செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. வளைவைத் தாண்டினால் குளியலறைக் கதவு, அதற்கப்பால் தொங்குவிளக்கின் கீழ் வாசல், கடைசியில் மற்றொரு கதவு. அதன் வழியே வெளியேறினால் அதே நடைக்கூடத்தின் தொடக்கத்தில் வந்து நிற்கிறோம்.

நான் கன்ட்ரோலரைப் பிடித்திருக்க, என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முதல் சுற்றில் எதுவும் நடக்கவில்லை என்று அவனுக்குச் சலிப்பு. சில சுற்றுகளுக்குள் எங்கள் பேச்சு குறைந்துவிட்டது. எந்தச் சட்டகத்தில் யார் படம் இருக்கிறது, விளக்கொளி எந்த மூலை வரை எட்டுகிறது என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தன. அதன் பிறகுதான் கோஜிமா ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார். மூடியிருந்த குளியலறைக் கதவு ஒரு விரற்கடை அளவுக்குத் திறந்திருந்தது, அவ்வளவுதான். நாம் பிறந்து வளர்ந்த வீட்டில், நடுச்சாமத்தில் விழித்துப் பார்க்கும்போது, பூட்டிய அறை ஒன்று திறந்து கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அறிமுகமில்லாத மாளிகையில் ஆயிரம் பேய்களைக் காட்டினாலும் அந்த உணர்வு வராது என்பதை அன்றே உணர்ந்தேன்.

பின்னொரு சுற்றில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த வானொலிக் குரல், திடீரென்று ‘பின்னால் திரும்பிப் பார்’ என்று நம்மிடமே பேசுகிறது. நான் கட்டைவிரலை எடுத்துவிட்டேன். “வேணாண்ணா, திரும்பாதீங்க, நேரா போயிடுங்க” என்றான் தம்பி. திரும்பாமலே நடந்தேன். பல ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், லான்ஸ் மெக்டொனால்ட் என்பவர் விளையாட்டின் கேமராவைப் பாத்திரத்தின் கண்ணிலிருந்து விடுவித்துப் பார்த்தார். டார்ச் விளக்கைக் கையில் எடுத்த கணத்திலிருந்து, அந்த நடைக்கூடத்தில் உலவும் லிசா என்ற பேய்ப் பெண்ணின் உருவம் நம் முதுகோடு ஒட்டியபடியே கூட வருகிறது என்பதைக் கண்டுபிடித்தார். சுவரில் நிழலாடியதைப் பார்த்ததாகவும், முதுகுப் பக்கத்தில் ஏதோ ஒலி கேட்டதாகவும் பலரும் சொல்லிவந்தது பிரமை அல்ல என்று அப்போது தெரிந்தது. யாராவது கவனிப்பார்களா என்று தெரியாமலே ஒரு படைப்பாளி இத்தனை தூரம் மெனக்கெட்டிருப்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மரியாதை பெருகுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிற்பகுதியில் ஒரு புகைப்படத்தின் கிழிந்த துண்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும். அவற்றுள் ஒன்று நடைக்கூடத்தில் இல்லை, விளையாட்டை நிறுத்தி வைக்கும்போது வருகிற அமைப்புகள் பக்கத்தில் இருக்கிறது. பயந்தால் ‘பாஸ்’ பொத்தானை அழுத்தி மூச்சு விட்டுக்கொள்வதுதான் நம் வழக்கம். அந்த ஒதுங்குமிடத்தையும் அவர் கதைக்குள் இழுத்துக்கொண்டார். கடைசிப் புதிர் எங்களால் முடியவில்லை. உலகெங்கும் முகம் தெரியாத மனிதர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்து, எத்தனை அடி நடக்க வேண்டும், குழந்தையின் சிரிப்பு கேட்டதும் எப்போது அசையாமல் நிற்க வேண்டும், கன்ட்ரோலர் எப்போது அதிரும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தோம். தொலைபேசி மணி அடித்தது, கதவு திறந்தது, நடிகர் நார்மன் ரீடஸ் ஆளில்லாத தெருவில் நடந்து போனார். கோஜிமாவும் திரைப்பட இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோவும் சேர்ந்து உருவாக்கும் ‘சைலன்ட் ஹில்ஸ்’ என்ற விளையாட்டு வரப்போகிறது என்று திரை அறிவித்தது; பி.டி. அதற்கான முன்னோட்டம்தான். புதிரை அவிழ்க்க ஒரு வாரமாவது ஆகும் என்று கோஜிமா கணக்குப் போட்டிருந்தார். சில மணி நேரத்திலேயே அவிழ்த்துவிட்டார்கள். 2015 ஏப்ரலில் சைலன்ட் ஹில்ஸ் கைவிடப்பட்டது.

* * *

வணக்கம். நான் ஒலிக்கலவைக் கூடத்தில் வேலை செய்பவன் என்பதால் காதால் கேட்டதைப் பற்றி எழுதுகிறேன். பி.டி.யை முதலில் தொலைக்காட்சி ஸ்பீக்கரில் கேட்டு விளையாடினேன், பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு. இரண்டாவது முறை முற்றிலும் வேறு விளையாட்டாக இருந்தது. தொங்குவிளக்கு ஆடும் கிறீச்சொலி நாம் நெருங்க நெருங்க எந்தப் பக்கம் மாறுகிறது என்பதைக் கேட்டே நடைக்கூடத்தில் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். விளக்கு இருந்த இடத்தில் ரத்தம் சொட்டும் குளிர்பதனப் பெட்டி தொங்கும் சுற்றில், அந்தப் பெட்டிக்குள்ளிருந்து குழந்தை அழும் ஒலி வருகிறது. பெட்டியைப் பார்க்காமல் குனிந்து கடந்துவிடலாம்; அழுகையிலிருந்து தப்ப வழியில்லை. கண்ணை மூடிக்கொள்பவருக்கும் காது திறந்தே இருக்கும் என்பதை அறிந்தவர்களின் வேலை அது.

ஒலியை வைத்து இதைவிடவும் துணிந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் நிஞ்சா தியரி நிறுவனத்தின் ‘ஹெல்பிளேட்’ 2017-இல் வெளிவந்தது. சித்தப்பிரமைக்கு ஆளான செனுவா என்ற பெண்ணின் காதில் விழும் குரல்களே அதன் மையம். நரம்பியலும் உளவியலும் அறிந்த பேராசிரியர் பால் ஃபிளெட்சரின் ஆலோசனையோடும், அத்தகைய அனுபவம் உள்ளவர்களின் உதவியோடும் அந்தக் குரல்களை உருவாக்கினார்கள். இரு காதுகளிலும் மைக் பொருத்திய பொம்மைத் தலையைச் சுற்றி நடிகர்களை நகரவிட்டுப் பதிவு செய்ததால், ஒரு குரல் பிடரிக்குப் பின்னால் நிற்பதும் மற்றொன்று இடது காதில் ரகசியம் பேசுவதும் அப்படியே கேட்கும். அந்தக் குரல்களை விலக்கிவிட்டு விளையாட முடியாது, ஏனென்றால் சண்டையில் பின்னாலிருந்து வரும் எதிரியைப் பற்றி எச்சரிப்பதும் அவைதான். ஒரு கட்டத்தில் அவை அடங்கியபோது எனக்கு நிம்மதி வரவில்லை, துணை போய்விட்ட கலக்கம்தான் வந்தது. அச்சுறுத்துவதற்கு அப்பால் ஒரு திகில் விளையாட்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று அதுவே.

ஓ.டி.யின் முதல் டிரெய்லரில் நடிகர்கள் சோஃபியா லில்லிஸ், ஹண்டர் ஷாஃபர், உடோ கீர் ஆகியோரின் முகங்கள் மட்டும் நெருக்கத்தில் தெரிய, பொருளற்ற ஒரு வாக்கியத்தைப் பேசுகிறார்கள். ஆங்கிலத்தின் ஒலிகளெல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும்படி கோத்த அத்தகைய வாக்கியங்களைக் குரல் சோதனையில் பயன்படுத்துவது உண்டு. பேசும் முகமும் உதடும் எவ்வளவு துல்லியமாகப் பதிவாகின்றன என்று சோதிக்கும் பாடத்தையே அவர்கள் திகிலாக்கிவிட்டதைப் பார்த்துச் சிலிர்த்தேன். உடோ கீர் 2025 நவம்பரில் காலமாகிவிட்டார் என்பது பெரிய வருத்தம்.

2025 செப்டம்பரில் டோக்கியோவில் காட்டிய, ஓ.டி.யின் ‘நாக்’ (தட்டுதல்) டிரெய்லரை எங்கள் கூடத்தின் பெரிய ஸ்பீக்கர்களில் போட்டுப் பார்த்தேன். லில்லிஸின் பாத்திரம் மெழுகுவர்த்திகளை ஏற்றுகிறது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இசையை நிரப்பி நம்மை இழுத்துச் செல்லவில்லை. தட்டும் ஒலிகளுக்கு இடையே விட்ட அமைதிதான் வேலை செய்கிறது. உடனிருந்த உதவியாளர் எழுந்து போய் எங்கள் கூடத்துக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

* * *

அண்ணா, உங்கள் இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் பி.டி.யைப் பார்ப்பதற்குள் அது பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2015-இல் நீக்கியபோது, முன்பு பதிவிறக்கியவர்களும் மீண்டும் பெற முடியாதபடி செய்துவிட்டார்கள். பி.டி. இருக்கும் பழைய கன்சோல்களுக்கு அதனாலேயே கூடுதல் விலை கேட்டார்கள். என் தோழியின் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. புதியது வாங்கிய பிறகும் அதை விற்க அவள் மறுத்துவிட்டாள். யாராவது கேட்டால் வீட்டுக்கு வரவழைத்து விளையாட வைப்பாள்.

நடைக்கூடம் முழுதும் சிவப்பாகி, கால்கள் தாமாகவே வேகம் பிடித்து, சுவரில் மாட்டிய படங்களில் கண்கள் உருளும் சுற்றில் நான் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டேன். “நான் இருக்கேன்ல, எடு” என்றாள் அவள். எடுக்கவில்லை. மீதியை அவள் நடந்து காட்ட, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஓ.டி. குறித்து எனக்கு ஒரு கவலை உண்டு. மைக்ரோசாஃப்டின் கிளவுட் (இணையவழிக் கணினி) தொழில்நுட்பத்தைக் கொண்டு அதை உருவாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டின் உயிர் எங்கோ ஒரு சர்வரில் இருந்து, அந்த சர்வரை என்றாவது அணைத்துவிட்டால், தோழி பாதுகாத்ததுபோல் ஒரு பெட்டியில் எடுத்து வைக்கக்கூட வழியிருக்காது. கோஜிமாவுக்கே ஒரு முறை நேர்ந்துவிட்ட இழப்பு இது.

* * *

இழையைத் தொடங்கிய நான்தான் மறுபடி எழுதுகிறேன். தங்கை எழுதியது மிக முக்கியமானது. நான் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. கிளவுட் வழியாகப் பலரைச் சேர்த்து விளையாட வைப்பதுதான் கோஜிமாவின் எண்ணமென்றால், 2014-இல் நாமெல்லோரும் கூடிப் புதிர் அவிழ்த்த அந்த இரவை விளையாட்டுக்குள்ளேயே கொண்டுவர முயல்கிறார் என்று கொள்ளலாம். அது நடந்தால் நான் மகிழ்வேன். ஆனால் அதற்காக அந்த நடைக்கூடத்தின் சிக்கனத்தை அவர் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பி.டி.க்குப் பின் வந்த ‘லேயர்ஸ் ஆஃப் ஃபியர்’, ‘விசாஜ்’ போன்றவை வீட்டையும் இருளையும் நன்றாகவே எடுத்துக்கொண்டன; ஆயினும், ஒரே இடத்தை நம் மனத்தில் பதியவைக்கும் பொறுமையை அவற்றில் நான் அந்த அளவுக்குக் காணவில்லை. ‘நாக்’ டிரெய்லரில் ஓர் அறை, சில மெழுகுவர்த்திகள், ஓர் ஒலி என்று நிறுத்திக்கொண்டிருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

அடுத்து எழுதுபவர்கள் எந்தச் சுற்றில் நிறுத்தினீர்கள், அப்போது தனியாக இருந்தீர்களா, உடன் யாராவது இருந்தார்களா, ஸ்பீக்கரா ஹெட்போனா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கன்சோலில் இன்னும் பி.டி. வைத்திருப்பவர்கள், வானொலி சொன்னபடி உடனே திரும்பிப் பார்த்தவர்களாக இருந்தால், அப்போது என்ன நேர்ந்தது என்பதை விரிவாக எழுதுங்கள். என் தம்பிக்கும் அனுப்ப வேண்டும்.