மறு: பாரிட்டிக்குத் தமிழ்: 'படைமை' என்று வைத்தால் என்ன?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பாரிட்டி (parity) என்ற கணக்குச் சொல்லுக்குத் தமிழில் 'சமநிலை' வேண்டவே வேண்டாம் என்று போன மாதம் ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான். "வேண்டாம் என்கிறவர்தான் வேறு சொல் கொண்டுவரணும்" என்று நம் குழுவின் சேலத்து அம்மா எழுதியது நியாயம். கொண்டுவந்திருக்கிறேன். கிடைத்த இடம் அகராதி இல்லை, வேலூர்க் கோட்டை அகழிக்கரை. கொடுத்தது எட்டாம் வகுப்புப் பெண். அதனால் கதையோடு சேர்த்துத்தான் சொல்லமுடியும், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 7, 19, 1001 எல்லாம் ஒற்றைப்படை. 4, 62 இரட்டைப்படை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'ஒற்றையா இரட்டையா' என்கிற அந்தக் குணத்துக்கே ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் அதுதான் பாரிட்டி. சிவப்பு, பச்சை என்று சொல் வைத்துக்கொண்டு 'நிறம்' என்ற சொல் இல்லாமல் இருப்பதுபோல இருக்கிறது நம் நிலைமை. பிள்ளைகள் இரண்டுக்கும் பேர் வைத்தோம், குடும்பத்துக்கு வைக்கவில்லை.

'சமநிலை' ஏன் கூடாது? ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குச் 'சமம்' என்று பொருள். அந்த வேரைப் பெயர்த்து நம் மண்ணில் நட்டதுதான் இந்தச் சமநிலை. தராசுத் தட்டு நேராக நிற்பதும் சமநிலை, மேசைமேல் புத்தகம் அசையாமல் இருப்பதும் சமநிலை. 17 ஒற்றைப்படை என்பதில் எது எதற்குச் சமம்? நாணயங்களின் வாங்கும் திறனை ஒப்பிடும் பொருளாதாரத்தில் அதே ஆங்கிலச் சொல் வருகிறது, அங்கே 'சமநிலை' பொருந்தும், இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டாகப் பிரிந்தால் நமக்கு லாபமே.

இனி கோட்டைக் கதை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டைப் பூங்காவில் நாங்கள் ஐந்து பேர் கூடுவது ரொம்ப வருஷப் பழக்கம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரன் ஒருவன், காட்பாடி ஜங்ஷனில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர், குடியாத்தத்தில் டியூஷன் எடுப்பவன், ஜவுளிக்கடைக்காரன், நான். சீட்டு கிடையாது, அரசியல் கிடையாது (சரி, கொஞ்சம் உண்டு). புதிர்தான். தோற்றவன் வேர்க்கடலை வாங்கவேண்டும், பெரிய பந்தயம் என்றால் ஆற்காடு மக்கன்பேடா. அந்தக் கடலையை வைத்தே "ஒத்தையா ரெட்டையா" என்று கையை மூடி நீட்டுவான் ஆம்பூர்க்காரன். ஐம்பது வயசாகிறது, இன்னும் அந்த ஆட்டம்.

அன்று டியூஷன்காரன் தன் அக்கா மகளைக் கூட்டிவந்திருந்தான். ஆக ஆறு பேர். எடுத்தது தொப்பிப் புதிர். இதைச் சொல்கிறவர்கள் கைதிகளை வைத்துத்தான் சொல்வார்கள். தொரப்பாடி ஜெயில் பக்கத்திலேயே இருக்கும்போது நமக்கெதற்கு அபசகுனம் என்று நாங்கள் நண்பர்களாகவே நின்றோம்.

செய்தித்தாளில் சில தொப்பி, பழுப்புக் கவரைப் பிரித்துச் சில தொப்பி மடித்தோம். எத்தனை எந்த நிறம் என்று யாருக்கும் சொல்வதில்லை. ஒருவர் பின் ஒருவராக வரிசை. முன்னால் நிற்பவர்கள் தொப்பி எல்லாம் தெரியும், தன்னுடையதும் பின்னால் இருப்பவர்களுடையதும் தெரியாது. கடைசி ஆளில் தொடங்கி ஒவ்வொருவரும் 'பழுப்பு' அல்லது 'வெள்ளை', இந்த இரண்டில் ஒன்றைமட்டும் சத்தமாகச் சொல்லவேண்டும். தன் தொப்பியின் நிறத்தைச் சரியாகச் சொன்னவர் பிழைத்தார். முன்கூட்டிக் கூடிப் பேசிக்கொள்ளலாம். எத்தனை பேரை நிச்சயமாகப் பிழைக்கவைக்கலாம்?

முதலில் எல்லோரும் மூன்று என்றோம். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் நிறத்தைச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பேருக்கு ஒருவர் தேறுவார் என்ற கணக்கு. விடை ஐந்து. கடைசியில் நிற்பவர் தன்னைத் தியாகம் செய்துவிட்டு, முன்னால் தெரியும் பழுப்புத் தொப்பிகள் ஒற்றைப்படை என்றால் 'பழுப்பு' என்றும், இரட்டைப்படை என்றால் 'வெள்ளை' என்றும் சொன்னால் போதும். மற்ற ஐந்து பேரும் தேறிவிடுவார்கள்.

நிறுத்திப் பார்த்தோம். கடைசியில் காட்பாடிக்காரர். அவருக்கு முன்னால் மூன்று பழுப்பு, ஒற்றைப்படை, "பழுப்பு" என்றார். அடுத்து ஆம்பூர்க்காரன். தனக்கு முன்னால் இரண்டு பழுப்புதான் தெரிகிறது, மூன்றாவது தன் தலையில்தான் இருக்கவேண்டும். "பழுப்பு." அடுத்தது நான். என்னையும் சேர்த்து மிச்சம் இரட்டைப்படை இருக்கணும், முன்னால் இரண்டு தெரிகிறது, அப்படியானால் என்னுடையது வெள்ளை. ஜவுளிக்கடைக்காரன் பாதியில் தடுமாறி "இன்னாபா, எனக்கு எண்ணிக்கை கொழம்பிடிச்சி" என்று திரும்பப் பார்த்தான். அப்போது வரிசையில் முதல் ஆளாக நின்ற அந்தப் பெண், யார் தொப்பியும் கண்ணில் படாதவள், சொன்னாள்:

"எண்ணாதீங்க மாமா. பழுப்புன்னு ஒரு தரம் கேட்டா படை மாறுது, வெள்ளைன்னு கேட்டா படை அப்படியே இருக்குது. அதைமட்டும் மனசுல வச்சுக்கோங்க."

படை மாறுது! ஒற்றை என்ற தலையையும் இரட்டை என்ற தலையையும் வெட்டிவிட்டு, இரண்டுக்கும் பொதுவான உடம்பை அவள் தனியாக எடுத்துப் பேசிவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாருக்கும் விளக்கமும் தேவைப்படவில்லை. ஜவுளிக்கடைக்காரன் உடனே "அப்ப நான் பழுப்பு" என்றான், சரி. டியூஷன்காரனும் "பழுப்பு" என்றான், சரி. அவளும் "நான் வெள்ளை" என்றாள், சரி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. நம் ஊரில் இந்தப் 'படை' ஏற்கெனவே புழக்கத்தில்தான் இருக்கிறது. மொய் 100 வைக்காதே, 101 வை, "ஒத்தப்படையில வை" என்போம். படிக்கட்டு கட்டும் கொத்தனாரிடம் ஒத்தப்படையில் முடியுமாறு சொல்வோம். வளைகாப்புக்கு ஏழாம் மாசமா ஒன்பதாம் மாசமா என்று பேச்சு வருவதும் ஒத்தப்படை பார்த்துத்தான். அல்ஜீப்ரா தெரியாத என் அத்தைக்கும் தெரிந்த சொல் இது.

ஆகவே என் முன்மொழிவு: படை + மை = படைமை. 'ஒரே படைமை', 'எதிர்ப் படைமை', 'படைமை பிட்' (கணினித் தரவில் பிழை பிடிக்கக் கூடுதலாகச் சேர்க்கும் பிட்), 'படைமைச் சோதனை'.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் ஏற்கக்கூடாது என்பது நம் வழக்கம். நான் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன்.

சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டம் இரண்டை வெட்டிவிட்டால் மிச்சம் 62. அதை 31 டோமினோவால் (இரண்டு கட்டத்தை மூடும் கட்டை) மூடமுடியுமா? தத்துவப் பேராசிரியர் மாக்ஸ் பிளாக் 1946இல் கேட்டது. ஒரு கட்டத்தின் கிடைவரிசை எண்ணையும் செங்குத்து வரிசை எண்ணையும் கூட்டினால், வெட்டிய மூலை இரண்டுக்கும் ஒரே படைமை. ஒரு டோமினோ மூடும் இரண்டு கட்டத்துக்கோ எப்போதும் எதிர்ப் படைமை. இந்தப் பக்கம் 32, அந்தப் பக்கம் 30, மூடமுடியாது. வாக்கியம் இடறவில்லை.

அடுத்தது, கணித மேதை ஆய்லர் 1736இல் எழுதிய, கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரின் பாலக் கணக்கு. நான்கு நிலப்பகுதிகள், அவற்றைத் தொடும் பாலங்கள் 5, 3, 3, 3. நான்குக்கும் ஒற்றைப் படைமை, அதனால் ஏழு பாலத்தையும் ஒவ்வொரு முறையே கடந்து ஊர் சுற்ற முடியாது. (எங்கள் பாலாற்றில் அந்தச் சிக்கலே இல்லை, வருஷத்தில் பாதி நாள் மணலில் நடந்தே அக்கரை போகலாம்.)

மூன்றாவதுதான் கடினம். பதினைந்து எண்களை நகர்த்தி அடுக்கும் பிளாஸ்டிக் கட்டம், கோட்டை மைதானத்துப் பொருட்காட்சியில் வாங்கியது. 14, 15 இரண்டும்மட்டும் இடம் மாறியிருந்தால் நகர்த்தியே சரிசெய்ய முடியுமா? அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாய்டு இதற்கு ஆயிரம் டாலர் பரிசு அறிவித்தார். முடியாது என்ற நிரூபணம் 1879லேயே அச்சில் வந்துவிட்டதால் அவர் பணத்துக்கு ஆபத்தில்லை. நேர் வரிசையிலிருந்து இந்த அடுக்குக்கு வர எத்தனை இடப்பரிமாற்றம், அது ஒற்றையா இரட்டையா என்பதுதான் அடுக்கின் படைமை. வெற்றிடத்தோடு இடம் மாறுவதும் ஒரு பரிமாற்றம் என்பதால், ஒவ்வொரு நகர்த்தலிலும் அது மாறும். வெற்றிடம் பழைய மூலைக்கே திரும்பவேண்டுமானால் நகர்த்தல்கள் இரட்டைப்படையாகத்தான் இருக்கமுடியும். 14, 15ஐ மாற்றுவதோ ஒரே ஒரு பரிமாற்றம், ஒற்றைப் படைமை. ஆம்பூர்க்காரன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்க்ரூடிரைவரால் இரண்டு கட்டையையும் நெம்பி எடுத்து மாற்றிப் போட்டுவிட்டு, "முடியாதுன்னு சொன்னீங்களே" என்றான்.

வேறு சொற்களையும் பார்த்தேன். 'இணைமை' என்றால் இணைகோடு, இணைகரம் நினைவுக்கு வரும். 'ஒற்றையிரட்டைத்தன்மை' தெளிவு, ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தொப்பி வரிசை கலைந்துவிடும். 'எண்படை' என்று நானே ஒரு ராத்திரி மகிழ்ந்தேன், காலையில் பார்த்தால் 'எட்டுப் படை' என்று படிக்க இடம் கொடுக்கிறது. தூக்கிப் போட்டேன்.

அடியுங்கள், உதையுங்கள். காத்திருக்கிறேன்.

வேலூரிலிருந்து

———

தம்பி,

ரசிச்சு வாசிச்சன். ஆனா ஒரு சங்கடம். எங்கட பக்கம் பிள்ளைகள் ஒற்றை எண், இரட்டை எண் எண்டுதான் படிக்கினம். உங்கட 'ஒற்றைப்படை' எங்களுக்கு விளங்கும், ஆனா வாயில வராது. எங்களுக்குப் படை எண்டால் அடுக்கு. ஓசோன் படை எண்டு பத்திரிகையிலயே எழுதுறம். 'படைமை' எண்டு கண்டால் ஏதோ அடுக்கடுக்காய் இருக்கிற தன்மை எண்டுதான் எங்கட மாணவன் நினைப்பான். உமது நண்பரின்ர மருமகள் கெட்டிக்காரிதான், ஆனா அவள் யாழ்ப்பாணத்தில பிறந்திருந்தால் "படை மாறுது" எண்டு சொல்லியிருக்கமாட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

———

ஐயா, வணக்கம். இயற்பியல் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் ஒன்று. 1956இல் லீ, யாங் என்ற இயற்பியலாளர்கள் கேள்வி எழுப்பி, வூ அம்மையார் கோபால்ட்-60 வைத்துச் சோதித்துக் காட்டிய விஷயமும் இதே பாரிட்டிதான். 1957 நோபல் பரிசு லீ, யாங் இருவருக்கும் போனது, அம்மையாருக்கு இல்லை. (அது எனக்குத் தனி ஆதங்கம்.) அங்கே பொருள் கண்ணாடி பிம்பம்: கண்ணாடியில் பார்த்தாலும் இயற்கை விதி அப்படியே இருக்குமா என்பது. அதற்கும் படைமை என்றே எழுதுவதா? இன்னொன்று, சிரிக்காதீர்கள்: படை என்றால் எங்கள் வீட்டில் தோல் அரிப்பு. "17க்குப் படை" என்றால் களிம்பு தேடுவார்கள்.

சென்னையிலிருந்து

———

யாழ்ப்பாணத்து ஐயாவுக்கும் சென்னை அம்மாவுக்கும் நன்றி.

களிம்புக்கு முதலில் பதில். படையெடுப்பும் இருக்கிறது, தோல் படையும் இருக்கிறது. 'ஒத்தப்படை' என்று கேட்டு இதுவரை எவரும் சொறிந்துகொண்டதில்லை. 'மை' சேர்ந்தபின் அந்தக் குழப்பம் இன்னும் குறையும்.

இயற்பியலில் அந்தக் குணத்துக்கு மதிப்பு இரண்டே: +1 அல்லது -1. அவற்றை இரட்டை, ஒற்றை என்றுதான் அங்கேயும் அழைக்கிறார்கள். -1ஐ -1ஆல் பெருக்கினால் +1, ஒற்றையோடு ஒற்றை சேர்ந்தால் இரட்டை. நம் தொப்பிக் கணக்கேதான். 'படைமை மீறல்' என்று எழுதிப் பாருங்கள், நிற்கிறதா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். அங்கே நான் வாய் திறக்கமாட்டேன்.

ஐயா சொன்னதுதான் உறுத்துகிறது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 'ஒற்றைப்படை' புழங்காத ஊரில் 'படைமை' அநாதையாகத்தான் நிற்கும். பொதுச் சொல்லாக இரண்டு கரைக்கும் ஒன்றே வேண்டும் என்றால் 'ஒற்றையிரட்டைமை' என்று கொஞ்சம் நீளமாகப் போகவேண்டிவரும். இப்போதைக்குப் பட்டியலில் இரண்டையும் போட்டு, படைமைக்குப் பக்கத்தில் 'ஒற்றையா இரட்டையா என்னும் தன்மை' என்று ஒரு வரி விளக்கம் கொடுக்கலாமா? தாங்கள் சரி என்றால்தான்.

நேற்று ஞாயிறு. அந்தப் பெண்ணுக்கு வேறு புதிர் கொடுத்தேன். 1 முதல் 10 வரை தாளில் எழுதி, ஏதாவது இரண்டு எண்ணை அடித்துவிட்டு அவற்றின் வித்தியாசத்தை எழுதவேண்டும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் ஒரே எண் மிஞ்சும். அது பூஜ்யமாக முடியுமா? ஆம்பூர்க்காரன் நாலு தாளை வீணாக்கினான். அவள் கூட்டுத்தொகை 55 என்று எழுதினாள், கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். "ஒவ்வொரு தரமும் கூட்டுத்தொகை ரெண்டு ரெண்டாத்தான் குறையுது மாமா. 55 ஒத்தப்படை. கடைசிவரைக்கும் படை மாறாது, பூஜ்யம் வராது."

படைமை என்று சொல்லிக்கொடுத்துத்தான் வைத்திருந்தேன். இரண்டு முறை கேட்டும் அவள் வாயில் 'மை' வரவில்லை, 'படை'யோடு நின்றுவிட்டாள். சேலத்து அம்மா, உங்கள் கருத்து வேண்டும்: தனியாக வந்தால் 'படை', 'படைமைச் சோதனை' போன்ற கூட்டுச்சொல்லில்மட்டும் 'மை' என்றால் போதுமா? மக்கன்பேடா வாங்கவேண்டியது ஆம்பூர்க்காரன், இன்னும் வாங்கவில்லை.

வேலூரிலிருந்து