புதுப்பிப்பு: படைவீரரின் தடம் மகளின் மனுவில் கிடைத்தது

போன மாதம் கேட்டிருந்தேனே, என் கணவரின் முன்னோர் ஒருவர் அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று, சர் ஜான் ஜான்சனின் படைப்பிரிவில் போரிட்டவர், 1784-இல் கனடாவில் குடியேறிய பிறகு தடமே இல்லை என்று. கிடைத்துவிட்டார்!

அவர் பெயரில் தேடியது வீண். 1789-இல், டார்செஸ்டர் பிரபு ஆளுநராக இருந்தபோது, இப்படி மன்னர் பக்கம் நின்றவர்களின் மகன்களுக்கு மட்டுமல்ல, மகள்களுக்கும் 200 ஏக்கர் தர முடிவானது. மகள்களுக்கு 21 வயதில், அதற்கு முன் மணமானால் அப்போதே. அப்படி நிலம் கேட்ட மகளின் மனு, மேல் கனடா (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) நில மனுக்கள் என்ற ஆவணத் தொகுப்பில் இருந்தது, அவள் கணவரின் குடும்பப் பெயரில். தந்தையின் பெயர், படைப்பிரிவு, ஊர் எல்லாம் அதில் உண்டு. ஊர் வில்லியம்ஸ்பர்க், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரை. ஜெர்மன் லூத்தரன்கள் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர்) சேர்ந்து குடியேறிய இடம். அப்போதுதான் உறைத்தது: நாங்கள் ஆங்கிலப் பெயர் என்று நினைத்திருந்தது ஜெர்மன் பெயர். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்.

மனுவின் அடியில் கையெழுத்து இல்லை, எழுதத் தெரியாதவர்கள் போடும் ஒரு சிலுவைக் குறிதான். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

மகள்கள் வழியாகத் தேடச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. அடுத்து அந்த ஊர் தேவாலயப் பதிவேடு.