சிங்கிள்டிராக்: தமிழில் என்ன? (வியாழன் காலை அச்சுக்குப் போகிறது)

மூணாறு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் மலைச் சைக்கிள் படங்கள் 12 மாட்டுகிறோம். ஒரு படத்தில் பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் மட்டும் நுழையும் வழி. ஓட்டுகிறவர் வளைவில் சாய்ந்திருக்க, பின்சக்கரம் ஈர இலைகளை வாரி இறைக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான், "டீச்சர், இந்த வழிக்குப் பேர் என்ன?" சிங்கிள்டிராக் என்றேன். "தமிழ்ல?" அங்கேயே மாட்டிக்கொண்டேன். ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் பிங்க்பைக் என்ற மலைச் சைக்கிள் இணையதளத்தில் படமாகக் கொட்டுகிறது. தமிழில் தேடினால் எனக்குக் கியர் சைக்கிள் விலைதான் வந்தது.

கம்பம்:
ஒற்றையடிப்பாதை இருக்கிறதே டீச்சர். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுவதை வேறென்னவென்று சொல்கிறோம்? மலையாளத்திலும் ஒற்றயடிப்பாததான்.

கொழிஞ்சாம்பாறை:
அடி என்றால் பாதம். சக்கரத்துக்கு ஏது பாதம்? பாலைப் பாட்டில் கல்லும் பரலுமாகக் கிடக்கும் வழிக்கு 'அதர்' என்று பெயர். ஓர் + அதர் = ஓரதர். புணர்ச்சியும் சுத்தம், பொருளும் சுத்தம்.

கம்பம்:
ஐயா, 'ஓரதர்' என்றால் பையன் எதை உதற வேண்டும் என்று கேட்பான்.

போடி:
'ஒற்றைத்தடம்' வைத்துக்கொள்ளலாமா? நானே சொல்லிவிட்டு நானே தயங்குகிறேன். எங்கள் ஊரில் தடம் என்றால் ரயில். மீட்டர்கேஜ் 2010 கடைசியோடு நின்று, 2023-இல்தான் மறுபடி போடிக்கு ரயில் வந்தது. அந்தச் சொல்லைச் சைக்கிளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

வண்டிப்பெரியாறு:
இங்கே எஸ்டேட்டில் யானை போகிற வழியை ஆனைத்தாரை என்கிறோம். அப்படியே ஒற்றைத்தாரை?

கொழிஞ்சாம்பாறை:
தாரை வடசொல். கண்ணீருக்கே அதைத் தவிர்க்கிறவன் நான்.

வண்டிப்பெரியாறு:
யானையிடம் சொல்லிப் பாருங்கள்.

மூணாறு:
ஐயா, இந்த விளையாட்டுக்காரர்கள் பெயர் வைக்கும்போது எந்த நிகண்டையும் புரட்டவில்லை. கலிபோர்னியாவில் மாரின் பகுதி மலைச்சரிவு ஒன்றில் 1976-இல் பழைய சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்து போய்விடும், பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்த வழிக்கே 'ரீபேக்', அதாவது மறுபடி அடை, என்று பெயர். அந்த விளையாட்டு 1996-இல் ஒலிம்பிக்குக்கே போய்விட்டது. (அந்த வட்டாரத்துப் பெரிய மலையின் பெயர் தமல்பையஸ். அதில் தமிழ் இருக்கிறது என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

கொழிஞ்சாம்பாறை:
தமல்பையஸ்! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

போடி:
டீச்சர், வினையை நீங்களே இழுத்துவிட்டீர்கள்.

கம்பம்:
'அடி'க்கு வருவோம். அந்தப் பாதையில் பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும்தான் போகிறார்கள். சாகச சைக்கிள்காரர் டேனி மக்காஸ்கில் 2014-இல் ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவின் கூலின் மலைமுகட்டில் ஓட்டிய வீடியோவைப் பாருங்கள், அவரே பாறையில் சைக்கிளைத் தோளில் போட்டு ஏறுகிறார். பாதம் இல்லாமலா?

மூணாறு:
சரி, புதன் இரவு மணி பத்தரை. ஒற்றையடிப்பாதைக்கு நான், கம்பம், அரைமனதோடு போடி. மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. படத்துக்குக் கீழே 'ஒற்றையடிப்பாதை' என்று பெரிதாகவும், தேடுகிற பிள்ளைகளுக்காக 'சிங்கிள்டிராக்' என்று சிறிதாகவும் போடுகிறேன். அப்புறம், பின்னணி கலங்கி சைக்கிள் மட்டும் தெளிவாக விழுகிற 'பேனிங்' படத்துக்கும் ஒரு சொல் வேண்டும். அது அடுத்த மாதம்.

வண்டிப்பெரியாறு:
எங்கள் பக்கம் தாரைதான். அதை யாரும் அச்சடிக்க வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறை:
'அடி' குறித்த என் மறுப்பு அப்படியே நிற்கிறது. தமல்பையஸ் பற்றித் தனி மடல் எழுதுகிறேன், சற்று நீளும்.