ஏசி 4, பாக்லி 12: முதல் கீமோ டிரிப்புக்கு முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

சாம்பல்குருவி

வணக்கம். எனக்கு வயது 44. இடது மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் இரண்டில் புற்று இருந்ததால் கீமோ கட்டாயம் என்றார்கள். சீட்டில் ‘ஏசி 4, அப்புறம் பாக்லி 12’ என்று எழுதியிருக்கிறது. டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் என் மண்டைக்குள் போனது ‘முடி கொட்டும்’ மட்டும்தான்.

கையில் கொடுத்த தாளில் பக்கவிளைவு என்று நாற்பது வரி இருக்கிறது. எது கட்டாயம் வரும், எது எப்போதாவது வரும் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரே மருந்தாகக் கொடுக்காமல் ஏன் இத்தனை? எந்த நாட்கள் மோசமாக இருக்கும்? கணக்கு எழுதும் உட்கார்ந்த வேலை எனக்கு, போக முடியுமா? பத்து வயதுப் பையன் இருக்கிறான், என் பக்கத்தில் படுப்பவன். அவனுக்கு என்னால் ஏதும் வருமா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் படுக்கை

தங்கச்சி, அதே நான்கும் பன்னிரண்டும் எனக்கும்: மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏசி நான்கு சுற்று, அப்புறம் வாராவாரம் பாக்லி பன்னிரண்டு. முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. என் உடம்பு பட்டதைச் சொல்கிறேன், உன் உடம்பு வேறு கணக்கு போடலாம்.

ஏன் இத்தனை மருந்து என்று நானும் கேட்டேன். ‘ஏ’ என்பது அட்ரியாமைசின், அதாவது டாக்சோரூபிசின். ‘சி’ சைக்ளோபாஸ்பமைடு. இரண்டும் செல்லின் டிஎன்ஏவைக் கெடுப்பவைதான், ஆனால் கெடுக்கும் விதம் வேறு. ‘பாக்லி’ என்கிற பாக்லிடாக்சல் டிஎன்ஏ பக்கமே போகாது. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கயிறுபோல இழுக்கும் இழைகளை விறைக்க வைத்துவிடும். ஒன்றுக்குத் தப்பிய செல் இன்னொன்றிடம் மாட்டட்டும் என்பதுதான் யோசனை. ஒரே மருந்தை அளவு கூட்டிக்கொண்டே போனால் உடம்பு தாங்காது. டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது, வாழ்நாளுக்கே இவ்வளவுதான் என்று அதற்கு ஒரு வரம்பு உண்டு. அதனால்தான் முதலில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொல்வார்கள். நான்கு சுற்றில் அந்த வரம்பில் பாதியை ஒட்டித்தான் வரும் என்று என் டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

டிரிப் நாளைப் பற்றிப் பயப்படாதே. அன்று வலி என்று பார்த்தால் ஊசி குத்துவது மட்டும்தான். முதலில் வாந்தி தடுக்கும் மருந்துகளும் ஸ்டீராய்டும். அப்புறம் நர்ஸ் கையுறை, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய சிரிஞ்சில் பழரசம் போலச் செக்கச்செவேலென்று மருந்து. அதை டிரிப்பில் தொங்கவிடவில்லை, கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நடுநடுவே நிறுத்திப் பின்னால் இழுத்து, குழாயில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏற்றினார். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடுமாம். பேசிக்கொண்டே செய்தார், ஆனால் கண் என் கையை விட்டு நகரவே இல்லை. அது முடிந்து சைக்ளோ ஓடும்போது, மூக்கில் தண்ணீர் ஏறினாற்போல நெற்றிக்குள் ஒரு சுரீர். சொன்னதும் வேகத்தைக் குறைத்தார்கள், போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தமில்லை, மருந்தின் நிறம்தான், ஒன்றிரண்டு நாளில் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் கத்திவிட்டேன்.

முதல் இரண்டு நாள் ஸ்டீராய்டு தயவில் பறந்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அலமாரி அடுக்கினேன். மூன்றாம் நாள் அந்த மாத்திரை நின்றதும் யாரோ பிளக்கைப் பிடுங்கிய மாதிரி ஆனது. மூன்று, நான்கு, ஐந்து, இந்த மூன்று நாளைத்தான் நான் மோசம் என்பேன். வாந்தி ஒருமுறைகூட வரவில்லை. குமட்டல் இருந்தது, வாயில் காசைச் சப்புவது போல ஒரு ருசி இருந்தது. படுத்து எழுந்தாலும் தீராத அசதி. நான் எதிர்பார்க்காதது மலச்சிக்கல். வாந்தி தடுக்கும் மாத்திரையே அதைக் கட்டிவிடுகிறது. முதல் சுற்றில் ஐந்து நாள் வாயைத் திறக்காமல் அவதிப்பட்டேன். இரண்டாம் சுற்றிலிருந்து டிரிப் அன்று இரவே மலமிளக்கி, டாக்டர் எழுதிக்கொடுத்தது. வெட்கப்படாமல் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை உடம்பு தேறிவிட்டது போல இருக்கும், ஆனால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு அடியில் கிடக்கும். அப்போதுதான் ஜாக்கிரதை. இரண்டாம் சுற்றில் பத்தாம் நாள் இரவு காய்ச்சல் 38.3 டிகிரி. ஒரு பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். என் மகள்தான் பிடுங்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். மூன்று நாள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக். காலைவரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதில்லை. 38 டிகிரி, ஃபாரன்ஹீட்டில் 100.4. அதைத் தொட்டால் நடுராத்திரியானாலும் போன் செய்.

மூன்றாவது வாரம் நல்ல வாரம். வேலை, சினிமா, சண்டை எல்லாம் அதில்தான். நான் ஏசி காலத்தில் சுற்றுக்கு ஒரு வாரம் லீவு போட்டேன், சமாளித்தேன். ஆனால் நான்காம் சுற்றின் அசதி முதல் சுற்றைப் போல இல்லை, சேர்ந்துகொண்டே போகும்.

முடி பதினாறாம் நாள். கொட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே தலைத்தோல் வலித்தது, இறுக்கிப் பின்னிய ஜடையை அவிழ்த்ததும் வலிக்குமே, அப்படி. தலைமுடிக்குத்தான் எல்லாரும் அழுகிறோம். மூக்குக்குள் இருக்கும் முடியும் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. குனிந்தால் மூக்கு ஒழுகும். சட்டைப்பையில் கைக்குட்டை இல்லாமல் நான் வெளியே போனதில்லை.

பாக்லி வேறு மாதிரி. வாராவாரம் போக வேண்டும், ஆனால் ஒவ்வொன்றும் லேசு. குமட்டல் கிட்டத்தட்ட இல்லை. ஏழாவது எட்டாவது வாரத்தில் விரல் நுனி மரத்தது. மேல் பொத்தானைப் போட நின்றேன், விரல் துணியில் இருக்கிறதா பொத்தானில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் போட்டேன். டாக்டரிடம் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவாரோ என்று இரண்டு வாரம் மறைத்தேன், முட்டாள்தனம். சொன்னதும் அளவைக் குறைத்தார். கை சரியாகிவிட்டது, கால் பெருவிரல்களில் இன்னும் மரப்பு இருக்கிறது.

கூடத்து விளக்கு

நான் கணவன் தரப்பு. என் மனைவிக்கு டாக்சோரூபிசின் இல்லாமல் டோசிடாக்சலும் சைக்ளோவும், நான்கு சுற்று. மருந்து வேறானாலும் ஒன்று பொது: நோட்டுப் புத்தகம் போடுங்கள். நாள், காய்ச்சல், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, மலம் போனதா, தூக்கம். இரண்டு சுற்று எழுதியதும் மூன்றாவதில் எந்தக் கிழமை நான் லீவு எடுக்க வேண்டும் என்று நோட்டே சொன்னது. டிரிப்புக்குப் பிறகு 48 மணி நேரம் கழிப்பறையை மூடி போட்டு ஃப்ளஷ் செய்வோம், வாந்தியோ சிறுநீரோ துடைக்க நேர்ந்தால் கையுறை. கட்டிப்பிடிக்கத் தடை கிடையாது. அது தெரியாமல் நான் முதல் வாரம் தனி அறையில் படுத்தேன். அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

பகல்ஷிஃப்ட்

கீமோ வார்டில் வேலை செய்கிறேன். அக்கா எழுதியதில் திருத்த ஒன்றுமில்லை, சில சேர்க்கைகள் மட்டும்.

சிவப்பு மருந்து ஏறும்போது ஊசி இடத்தில் எரிச்சலோ இறுக்கமோ வந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். ‘தொந்தரவு செய்ய வேண்டாமே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள்தான் எங்களுக்குப் பயம். நரம்பு கிடைப்பது கஷ்டம் என்றால் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) வைப்பது பற்றிக் கேளுங்கள்.

பாக்லியின் முதல் இரண்டு டோஸில் ஒவ்வாமை வரலாம், பெரும்பாலும் தொடங்கிய சில நிமிடங்களிலேயே. முகம் சிவப்பது, நெஞ்சு இறுகுவது, திடீர் முதுகுவலி. முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவோம், பக்கத்திலேயே நிற்போம்.

சில இடங்களில் ஏசியை மூன்று வாரத்துக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். அப்போது வெள்ளையணு ஏற்றும் ஊசி மறுநாள் உண்டு. அதனால் இடுப்பெலும்பும் தொடையும் விண்ணென்று வலித்தால் எலும்புக்குள் மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பல் சொத்தை இருந்தால் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மூலிகை, சத்து மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம். மாதவிலக்கு நின்றுபோகலாம், 40க்கு மேல் திரும்பி வராமலும் போகலாம். நின்றாலும் கருத்தரிக்க வாய்ப்பு இருக்கிறது, தடுப்பு அவசியம். பையன் பக்கத்தில் படுக்கலாம். அவனுக்குச் சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் மட்டும் தள்ளிப் படுக்கட்டும், அது உங்கள் பாதுகாப்புக்கு.

சாம்பல்குருவி

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். எக்கோ வியாழக்கிழமை, முதல் டிரிப் அடுத்த திங்கள். அப்படியானால் என் மூன்று நாட்கள் புதன், வியாழன், வெள்ளி. அலுவலகத்தில் இன்றே சொல்லிவிட்டேன். தெர்மாமீட்டர் வந்துவிட்டது, டாக்டரிடம் மலமிளக்கி கேட்க வேண்டும் என்று நோட்டின் முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.

பையனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாகத் தவித்தேன். முடி கொட்டும் என்றதற்கு முகம் சுருங்கியது. சிவப்புச் சிறுநீர் வரும் என்றதும், ‘நிஜமாவா? எனக்குக் காட்டுவியா?’ என்று கேட்கிறான்.